நாளைக்குக் காலைல ஆள் வேணும்

"நாப்பத்தஞ்சா? பத்தாது சார்" என்றாள் நர்மதா. முன்னால் வைத்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மேனேஜர் ரவிக்குமாருக்குச் சுருக்கென்றது. வடசென்னையில் டோல்கேட் பக்கத்தில் இருக்கும் இந்த இதய மருத்துவமனைக்கு வேலை கேட்டு வருபவர்கள் நாற்காலி நுனியில்தான் உட்காருவார்கள். இவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ராயபுரம் ஆஸ்பத்திரில இப்ப நீங்க வாங்கறது முப்பதுதானே? ஒரேயடியா பதினஞ்சாயிரம் ஏத்தித் தர்றோம்."

"நான் இன்னா வாங்கறேன்றது இருக்கட்டும். நீங்கதானே திரும்பத் திரும்ப போன் பண்ணிக் கூப்ட்டீங்க? அப்படி இன்னா அவசரம்?"

பதிலை டாக்டர் எபினேசர் சொன்னார். மருத்துவமனையின் முதலாளியும் அவர்தான், அறுவை சிகிச்சை செய்பவரும் அவர்தான்.

"நாளைக்குக் காலைல ஒரு பைபாஸ் இருக்கும்மா. நான் நெஞ்சைத் திறக்கற நேரத்துல, கால்லேர்ந்து ரத்தக்குழாயை எடுத்துத் தர ஒரு பிசிஷியன் அசிஸ்டென்ட் வேணும். முன்னாடி இருந்த பொண்ணு போன வாரம் நின்னுட்டா."

"ஏன் நின்னாங்க?"

"சம்பளத்தை ஏத்துன்னு ஒரே அடம்" என்று முந்திக்கொண்டார் ரவிக்குமார். "உன்ன மாதிரி நூறு பேர் கிடைப்பாங்கன்னு சொன்னேன். கிளம்பிட்டா."

"கெடச்சாங்களா?"

ரவிக்குமார் ஆறிய டீயை அவள் பக்கம் நகர்த்தி, "டீ குடிங்க" என்றார்.

"எத்தினி வருசம் இங்க இருந்தாங்க?"

"அஞ்சு."

"கடைசியா எவ்ளோ குடுத்தீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு? இது மீன் ஏலம் விடற எடம் இல்ல. இவ்ளோ படிச்சிருக்கீங்க, பாஷையையாவது கொஞ்சம் மாத்திக்கக் கூடாதா?"

நர்மதா நிமிர்ந்தாள். "எங்கப்பா காசிமேட்டுல போட் ஓட்றாரு. எங்கம்மா மீன் விக்குது. உங்க வார்டுல படுத்துகினு கீறவங்கள்ல பாதிப் பேருக்கு இதான் சார் பாஷை. ராத்திரில ஒரு ஆளு 'மாரு அடைச்சிகினு கீது'ன்னு சொன்னா, இன்னா ஏதுன்னு திருப்பிக் கேக்காம ஓடி வரணும். நான் வருவேன். எதுக்கு மாத்தணும்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐம்பது" என்றார்.

"அறுவது. இத்தினி வருசம் வேலைய வுட மாட்டேன்னு பாண்டுல கையெழுத்து கேக்கக் கூடாது. சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வெச்சிக்கக் கூடாது. நைட் டூட்டி முடிஞ்சா எண்ணூர் வரைக்கும் வேன் வுடணும்."

"எண்ணூரா? உங்க வீடு ராயபுரம்தானே?"

"வுடுவீங்களா, மாட்டீங்களா?"

ரவிக்குமாருக்கு முகம் சிவந்தது. "ரொம்ப ஓவரா போறீங்க. நாங்க வேற ஆள் பாத்துக்கறோம், நீங்க போகலாம்."

"சரி சார்." நர்மதா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். குரலில் ஒரு துளிகூடக் கெஞ்சல் இல்லை.

அந்த நேரம் டாக்டரின் போன் அடித்தது. நாளைய நோயாளியின் மகள். அப்பா பயந்துபோயிருக்கிறார், ஆபரேஷன் காலையில் நிச்சயம்தானே என்று அவள் கேட்டது அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது.

"நிச்சயம்தான்மா, பயப்பட வேணாம்னு சொல்லுங்க" என்று போனை வைத்த டாக்டர், "உட்காரும்மா. அறுபது. பாண்டு, சர்டிபிகேட் எதுவும் வேணாம், வேனும் விடறோம்" என்றார்.

அந்தத் தொகை காதில் விழுந்ததும் நர்மதாவின் மனம் கணக்குப் போட்டது. இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு. அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டில் கால் நீட்டி உட்காரலாம். அவள் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுங்க டாக்டர். இந்தச் சம்பளம் என் மூஞ்சிக்கா, வேலைக்கா? நாளைக்கே பேச்சு மாறக் கூடாது."

"வேலைக்குத்தான்மா. என் தியேட்டர்ல அந்த எடத்துல யார் நின்னாலும் இனிமே இதுதான். எனக்கு நாளைக்குக் காலைல ஆள் வேணும், அவ்வளவுதான்."

"சாரும் இதையேதானே சொல்றாரு?" என்று ரவிக்குமாரைக் காட்டினாள்.

"டாக்டரே சொன்ன பிறகு நான் என்ன சொல்றது?" என்று முணுமுணுத்தபடி ரவிக்குமார் கீபோர்டை இழுத்தார். "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அடிக்கறேன். பேரை இனிஷியலோட சொல்லுங்க."

"காலைல கரெக்டா ஆள் வரும் டாக்டர்" என்ற நர்மதா கதவை நோக்கி நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது ஒரு கணம் நின்றாள். பிறகு அகலத் திறந்தாள்.

வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் அணைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் நர்மதாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், எண்ணூர்க்காரி. அவள் முகத்தைப் பார்த்ததும் ரவிக்குமாரின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. டாக்டர் எபினேசர் மெல்ல எழுந்தார்.

"உள்ள வா ஷெர்லின். அஞ்சு வருசமா நீ பாத்த வேலைக்கு இன்னா சம்பளம்னு டாக்டரே சொல்லிட்டாரு!"