கார்புரேட்டர் வைத்த வண்டி

"இன்னா சார், ஷோக்கா ஓடிக்கினு கீற வண்டி! இஞ்சக்சனைக் கழட்டிட்டு அந்தக் காலத்துக் கார்புரேட்டர் வைக்கச் சொல்றியே?" மந்தைவெளி மெக்கானிக் கன்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

மலை ஏறவென்றே செய்த அந்த உயரமான பைக்கில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்தபடி நின்றார் பாலகணேஷ். தி.நகர் ஜவுளிக்கடையில் வாரமெல்லாம் நின்ற கால்கள் கெஞ்சின.

"குளிர்ல ஸ்டார்ட் ஆவாது சார்."

"பரவால்ல."

"மலை ஏறுனா மூச்சு வாங்கும். பெட்ரோல் ஒழுகும். பாதி ஞாயித்துக்கெழம இங்கதான் கெடக்கும்."

"ஞாயித்துக்கெழமையா?" பாலகணேஷின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "மாத்திருங்க."

"இன்னாத்துக்கு சார் இந்த வேலை?"

"ஒரு ஞாயிறாவது வீட்ல படுத்துத் தூங்கணும்ங்க. ஏலகிரி, கொல்லிமலைன்னு எம்பொண்டாட்டி பின்னால உக்காந்துக்கிட்டு வெரட்டுதா. வண்டி ஒருநாள்கூட மக்கர் பண்ண மாட்டேங்குது."

கன்னியப்பன் ஸ்பேனரை எடுத்தார்.

மாற்றிய வண்டி அசோக் நகர் வீட்டு வாசலில் வந்து நின்றதும், மனைவி ஷண்முகப்ரியா குனிந்து பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"ஏங்க, நெசமாவே கார்புரேட்டரா? இஞ்சக்சன் வண்டியில சென்சார் போனா வழியில சரிபண்ண ஆள் கிடைக்காதேன்னுதான் லடாக் போற ஆசையையே வெளிய சொல்லாம இருந்தேன். இதை எங்க நின்னாலும் நானே கழட்டி மாட்டிருவேன். வீடியோ பாத்து எப்பவோ படிச்சாச்சு!"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்காகத்தானே மாத்துனீங்க?"

பாலகணேஷ் தலையாட்டினார். இடுப்பு இப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது.