மூணு வார்த்தை

"குடை, எலுமிச்சை, சாவி. நீங்க சொன்ன மூணு வார்த்தையும் இதுதானே சார்?"

பரிசோதித்த பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இல்லம்மா. தொப்பி, சாவி, கண்ணாடி."

மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவை ஆபரேஷன் செய்ய விடவில்லை. ஞாபகசக்தி சரியாக இருக்கிறதென்று இவர் எழுதித் தந்தால்தான் மறுபடி கத்தியைத் தொட முடியும்.

"இன்னொரு தடவை கேளுங்க சார், உங்க கால்ல வேணா விழறேன்."

"பேஷண்ட் உயிரோட விளையாட முடியுமா?" என்றபடி 'தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது கேட்டதைக்கூடவா மறந்துவிட்டேன்? தாளோடு கதவருகே போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா அங்கேயே நிக்கறீங்க?"

திரும்பினாள். பெரிய டாக்டர் சிரித்த முகமாக நாற்காலியைக் காட்டினார். "டெஸ்டுக்குத்தானே வந்தீங்க? உக்காருங்க. மூணு வார்த்தை சொல்றேன், ஞாபகம் வச்சுக்கணும். குடை, எலுமிச்சை, சாவி."

டாக்டரம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பேசாமல் உட்கார்ந்தால் இந்தத் தடவை பாஸாகிவிடலாம். மறதி அவருக்குத்தான் என்று வெளியே போய்ச் சொன்னாலோ, ஞாபகம் போனவள் என்று அவரே எழுதிக் கொடுத்த பிறகு அவளை யார் நம்புவார்கள்?

நீங்களா இருந்தா உக்காருவீங்களா, சொல்லுங்க?