எதிரில் நிற்பவர்

“இந்தத் தடவை தேர்தல்ல நிக்க வேண்டாம்னு அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும், மாமா. வயசு எண்பத்து மூணு. இன்னொரு பிரசாரத்தை அவர் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார்,” என்றாள் அமைச்சரின் மகள்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீ சொல்லிப் பாக்கிறதுதானே?” என்றார்.

“எனக்கு அரசியல் தெரியாதாம். அம்மா ஆரம்பிச்சா காது மெஷினைக் கழட்டி வச்சிடறார்.”

“அது நல்ல யோசனையா இருக்கே.”

“விளையாடாதீங்க மாமா. நாப்பது வருஷமா அவரோட நாடி தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நேத்து என் மருமகளும் இப்படித்தான் உங்க அப்பாவைப் பாக்கப் போயிருக்கா. என்னை நிக்க வேண்டாம்னு அவர் சொல்லணுமாம்.”

“அப்பா என்ன சொன்னாராம்?”

“‘அவர் நிக்கலைன்னா, நான் யாரை எதிர்த்து நிக்கிறது?’ன்னு கேட்டாராம்.”

எட்டுத் தேர்தல்களாக அமைச்சரை எதிர்த்து நின்று, ஐந்தில் தோற்றவர் இந்தப் பெரியவர்.

“அப்போ ரெண்டு பேரும் ஒரே நாள்ல விலகிடுங்களேன் மாமா,” என்றாள் அவள், கெஞ்சலாக.

பெரியவர் மேஜையைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை. அவள் ஓடிப்போய்க் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவள் கையை மெல்ல விலக்கினார்.

“எழுந்திருக்கத்தாம்மா ஆள் வேணும். அப்புறம் நின்னுடுவேன். அப்பாகிட்டச் சொல்லு.”