மஞ்சள் வாக்கிடாக்கி

கண்மாய்க் கரைமேல் நின்றபடி, சங்கிலிமுத்து கறுப்பு வாக்கிடாக்கியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"ஹலோ, ஹலோ. கேக்குதா? ஏலே சோலை, கேக்குதா? கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லு."

பதில் இல்லை.

பேசி முடித்து விரலை எடுத்தால்தான் எதிர்ப்பக்கத்துப் பேச்சு வரும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்திருந்தார். ஆனால் சங்கிலிமுத்து விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருந்து அவனுக்குப் பழக்கமில்லை.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடியதும் சங்கிலிமுத்துவும் கூட்டாளிகளும் இரண்டு ஜீப்பில் மலைக்குப் போவார்கள். அங்கே செல்போனில் ஒரு கோடுகூட நிற்காது. போன வருடம் பாதை பிரிந்து, ஆட்கள் ஒரு ஜீப்பிலும் பிரியாணி அண்டா இன்னொரு ஜீப்பிலுமாக ஆகிவிட்டது. இனி வாக்கிடாக்கி இல்லாமல் மலையேறுவதில்லை என்று முடிவானது. பார்த்து வாங்கும் பொறுப்பு சங்கிலிமுத்துவுக்கு.

சிவகாசிக் கடைக்காரர் தெரிந்தவர். கறுப்பில் ஒரு ஜோடி, மஞ்சளில் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்து, "பேசிப் பாத்துட்டு எது வேணுமோ வச்சுக்கங்க அண்ணாச்சி" என்றார்.

ஜீப்பைத் தூரமாக ஓட்டிப் போக சோலைச்சாமி. அதில் உட்கார்ந்து ஜோடியில் இன்னொரு வாக்கிடாக்கியைப் பிடிக்க மாரித்தாய், சங்கிலிமுத்துவின் மனைவி.

அவள் வந்ததே பெரிய விஷயம். இந்த வருடம் பெண்கள் நாங்களும் மலைக்கு வருகிறோம் என்று அவள் கேட்டதற்கு, "பொம்பளையாளுகளுக்கு அங்கன என்ன வேலை?" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் சோறு வரும், பேச்சு வராது. இன்றும் வாய் திறக்காமல்தான் ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் திரும்பி வந்தது.

"அண்ணே, நான் கத்துன கத்துல கண்மாய்க் கொக்கெல்லாம் பறந்துருச்சு. உங்களுக்குக் கேக்கலையா?" என்றான் சோலைச்சாமி.

"ஒண்ணும் வரலை. சரக்கு சரியில்ல. மஞ்சளை எடு."

ஜீப் மறுபடியும் போய்க் கருவேலங்காட்டுக்குள் மறைந்தது.

வெடிச் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் சங்கிலிமுத்துவுக்கு ஒரு காது மந்தம். நல்ல காதோடு வாக்கிடாக்கியை ஒட்டிவைத்தான். வாய்க்குக் கொண்டுவந்து கத்தினான். மறுபடி காதில் வைத்தான். விரல் மட்டும் பொத்தானை விட்டு நகரவில்லை.

வெகுநேரம் ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. இதுவும் தேறாது என்று முடிவு கட்டப் போனான்.

"மாரி, கேக்குதா?"

"கேக்குது. ஊருக்கே கேக்குது."

சங்கிலிமுத்து துள்ளிவிட்டான். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை.

"அடேயப்பா! பக்கத்துல நின்னு பேசுறாப்புலயே இருக்கு!"

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பேசிவிட்டாள்.

"சோலை பக்கத்துல இருக்கானா?"

"இல்ல. அவரு அங்கன கெடக்காரு."

தொண்டையைச் செருமிக்கொண்டான். எதிரே தண்ணீரும் கொக்கும்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசவேண்டியதில்லை என்பதே தைரியம் தந்தது. குரலைத் தணித்தான்.

"போன வருசம் மலை உச்சில நின்னோம். மேகம் காலுக்குக் கீள போச்சு. பயலுக அம்புட்டுப் பேரும் போட்டோ பிடிச்சுக்கிட்டு இருந்தானுக. எனக்கு, ஒன்னையக் கூட்டியாந்து காட்டணும்னுதான் இருந்துச்சு மாரி. வீட்டுக்கு வந்து சொல்ல வெக்கமாப் போச்சு. நீ வா. மத்தவளுகளையும் கூட்டிக்கிட்டு வா. எவன் சிரிச்சாலும் நான் பாத்துக்கிறேன்."

வாக்கிடாக்கியைக் காதில் வைத்தான்.

"மாரி? கேக்குதா?"

"கேக்குது."

இந்த முறை குரல் கம்மி வந்தது. தூரம் கூடினால் இப்படித்தான் கம்மும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இதுவரைக்கும் எட்டினதே பெரிது என்று நினைத்துக்கொண்டு, "சரி, நேரா கடைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினான்.

கடையில் அவன் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜீப் வந்து நின்றதும் சோலைச்சாமி முதலில் இறங்கி உள்ளே வந்தான். சட்டையெல்லாம் சேறு.

"மஞ்சள்தான்லே. மாரி பேசுனது மணி அடிச்சாப்புல கேட்டுச்சு."

சோலைச்சாமி விழித்தான்.

"மதினி எங்கண்ணே செட்டுல பேசுச்சு? வண்டி கரிசல்ல சிக்குனதுமே செட்டை எங்கிட்டக் குடுத்துட்டு, 'அந்த மனுசனக் கூட்டியாரேன்'னு எறங்கிக் கரைக்கு நடந்துருச்சே. பெறகு ரொம்ப நேரமா அதுவும் வரலை, நீங்களும் வரலை. கடைசில மதினி ஒரு டிராக்டரக் கூட்டிக்கிட்டுத்தான் வந்துச்சு."

சங்கிலிமுத்துவின் கட்டைவிரல் தானாக வாக்கிடாக்கியின் பொத்தானை விட்டு எழுந்தது.

"அப்ப, நான் பேசுனது..."

"அது எனக்குக் கேட்டுச்சுண்ணே. ஒரு வார்த்தை விடாம." சோலைச்சாமி சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அந்த மேகம் சொன்னீகள்ல, எனக்கே கண்ணு கலங்கிருச்சு. என் வீட்ல உள்ளவளையும் கூட்டியாரலாம்னு இருக்கேன்."

கடைக்காரர் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

சங்கிலிமுத்து மெல்லத் திரும்பினான். வாசலில் மாரித்தாய் நின்றாள். முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. சேலையில் கருவேல முள். பக்கத்தில் நின்று பேசினவள், இப்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கடைக்காரரைப் பார்த்தாள்.

"மஞ்சளே குடுங்க அண்ணாச்சி," என்றாள். "நல்லாக் கேட்டுச்சு."