அறுபதுக்கு மேல் ஏறாது

"ஏனுங்க சார், இது நியாயமா?"

ஸ்டாஃப் ரூமுக்குள் வந்ததும் வராததுமாகக் கீர்த்திகா போட்ட சத்தத்தில், சிங்கராயர் சாரின் டம்ளர் குலுங்கி, பாதிக் காப்பி சட்டையில் கொட்டியது.

"என்ன கண்ணு, காலங்காத்தால?"

"வள்ளி அசைன்மென்ட்டை அனுப்புனது ஏழே முக்காலுக்குங்க சார். அவ வாயாலயே சொன்னா. அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிஷம் லேட்டானாலும் சாப்ட்வேர் அறுபதுக்கு மேல மார்க் ஏத்தாதுன்னீங்க. ஆண்டவரே அனுப்பினாலும் அறுபதுதான்னீங்க. அவளுக்கு மட்டும் எப்படிங்க தொண்ணூத்திரண்டு?"

கீர்த்திகா வாங்கியது தொண்ணூறு. வகுப்பில் முதலாவதாக வரும் ஒரே ஒருத்தருக்குத்தான் பெங்களூரில் ட்ரெயினிங். அந்த ரெண்டு மார்க்கில் அது கைநழுவிப் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"சாப்ட்வேர்ல யாரோ கை வெச்சிருக்காங்க சார்!"

"நாந்தான் வெச்சேன். அவ ஊரு வாழவந்தியில நாலு நாளா டவர் இல்ல. அந்தப் புள்ள பஸ்ஸேறி டவுனுக்கு வந்துதான் அனுப்பணும். அதான் அவளுக்கு மட்டும் எட்டு மணி வரைக்கும் டைம் வெச்சேன்."

"அதெப்படிங்க? ரூல்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே! நான் ஒரு தடவையாவது டைம் கேட்டிருப்பனுங்களா?"

"கேக்கல கண்ணு. சத்தியமா நீ கேக்கல."

சார் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் அங்கே தட்டி, இங்கே தட்டி, வேண்டாத ரெண்டு ஜன்னலைத் திறந்து மூடி, கடைசியில் ஒரு பட்டியலைப் பிடித்தார். இந்த வருஷம் கெடு நீட்டித்துக் கொடுத்தவர்களின் பட்டியல்.

முதல் பெயர் வள்ளி. அதற்குக் கீழே கீர்த்திகா. அக்டோபர் மாதம், மூன்று நாள்.

கீர்த்திகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்டோபரில் அவள் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுச் சேலத்துக்கு ஓடினாள். திரும்பி வந்து மூன்று நாள் தாமதமாக அனுப்பியதற்கு முழுசாகத் தொண்ணூற்றைந்து விழுந்தது. மலையில் பனிமஞ்சு மூடி நெட் கட்டானதில் சாப்ட்வேருக்கு நாள் தெரியாமல் போய்விட்டது என்று ஹாஸ்டல் பூராவும் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் சேர்வராயன் கோயிலில் தேங்காயும் உடைத்தாள்.

"அப்போ... சாப்ட்வேர் ஏமாந்து போகலீங்களா சார்?"

"அது எங்க கண்ணு ஏமாறுது! சரி, நீ சொல்றதும் நியாயந்தான். ரூல்னா எல்லாத்துக்கும் ஒண்ணு. ரெண்டையும் எடுத்துடறேன். வள்ளிக்கு இதுல அறுபது, உனக்கு அதுல அறுபது."

விரல் பட்டனை நோக்கிப் போனது.

"ஐயோ, வேண்டாமுங்க சார்!" கீர்த்திகா மேசையைத் தாண்டி எட்டி மவுஸைப் பிடித்துக்கொண்டாள். பட்டன் தப்பித்தது.

மூச்சு வாங்கியபடி கேட்டாள். "ஆனா, எங்க ஊட்டுல நடந்ததை உங்ககிட்ட நான் சொல்லவே இல்லீங்களே?"

"காரணம் எழுதாம அந்தச் சாப்ட்வேர் டைம் குடுக்க விடாது. பக்கத்துக் கட்டத்தைப் படி."

படித்தாள். 'அப்பாவுக்கு ஆபரேஷன். பெண் சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வந்து சொல்லி டைம் கேட்டது: வள்ளி.'

மவுஸைப் பிடித்த கை தானாக விலகியது.

சிங்கராயர் சார் மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"கோயில்ல தேங்கா ஒடச்சு ஊருக்கெல்லாம் குடுத்தியே, எனக்குக்கூட ரெண்டு சில்லு வந்துச்சு. வள்ளிக்கு ஒண்ணாச்சும் குடுத்தியா கண்ணு?"