ரொட்டிப் பைக்கு வெளியே

ஸ்பிரிங் பறந்துவிட்டது.

பறந்ததை எஸ்கில் பார்க்கவில்லை. 'டிங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. போன வேகத்தைப் பார்த்தால் இந்நேரம் நார்வே எல்லையைத் தாண்டி, மலையிறங்கி, கடலில் குளித்துக்கொண்டிருக்கும்.

சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வேட்டைத் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளி உறையை வெளியே இழுக்கும் தண்டை, பிரித்து வைத்திருந்தார். துப்பாக்கி அவருடையதல்ல, மனைவி குன்வோருடையது.

விடிந்தால் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமை, மூஸ் மான் வேட்டை தொடங்கும் நாள். யாருக்குக் காட்டில் எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கும் கூட்டத்துக்குக் குன்வோர் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு அசத்திவிடலாம் என்று எஸ்கில் நினைத்தார். ஓய்வு பெற்றபின் அவருக்கு வந்த நல்ல யோசனைகளில் இது பதினேழாவது. முந்தைய பதினாறும் இப்படித்தான் முடிந்தன.

அந்த ஸ்பிரிங் ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் அது இல்லையென்றால் சுட்ட தோட்டாவின் உறை வெளியே வராது. உறை வராவிட்டால் அடுத்த தோட்டா உள்ளே போகாது. ஒரே ஒரு குண்டை நம்பி மூஸ் மான் முன்னால் யாரும் போய் நிற்பதில்லை.

அதாவது, நாளைக்குக் குன்வோர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று ஊரே கேட்கும். அடுத்த முப்பது வருடத்துக்கு எஸ்கிலின் பெயரைச் சொல்லியே எல்லோரும் காப்பி குடிப்பார்கள்.

இதில் ரொட்டிப் பை வேறு.

போல்ட்டையும் இரண்டு கைகளையும் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் ரொட்டிப் பைக்குள் விட்டுத்தான் குன்வோர் எதையும் பிரிப்பார். துள்ளுவது பைக்குள்ளேயே துள்ளி, பைக்குள்ளேயே விழும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஸ்பிரிங்கூடத் தொலைத்ததில்லை என்று சொல்லி, ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேட்டைச் சங்கத்தில் செய்து காட்டுவார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். ஆகஸ்டு கடைசியில் எங்கள் பக்கம் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முழங்கையால்தான் திறப்பார்கள். கைகள் ரொட்டிப் பைக்குள் இருக்கும்.

எஸ்கில் பையைத் தேடச் சோம்பல்பட்டுவிட்டார்.

ஃப்ரிட்ஜ் கதவில் பல் மருத்துவரின் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை எடுத்தார். பனிச்சறுக்குக் கோலின் நுனியில் அதை ஒட்டினார். தரையில் குப்புறப் படுத்து, விறகடுப்புக்கு அடியில் துழாவினார்.

முதல் இழுப்பிலேயே ஸ்பிரிங் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

ஒன்றில் துரு ஏறியிருந்தது. பத்து நிமிடத்தில் துரு ஏறுமா? மற்றது எலிக்குட்டி மாதிரி தூசி போர்த்திக்கொண்டிருந்தது.

எஸ்கில் எழுந்து போல்ட்டைப் பார்த்தார். ஒரு ஓட்டைதான் இருந்தது. ஒரு ஓட்டையிலிருந்து இரண்டு எப்படிப் பறக்கும்?

மறுபடி படுத்தார். மர சோபாவுக்கு அடியில் ஒன்று, காய்ந்த லிங்கன்பெர்ரி ஜாமில் ஒட்டியிருந்தது. ஃப்ரிட்ஜுக்கு அடியில் மூன்று. விறகுப் பெட்டிக்குப் பின்னால், புத்தம் புதிதாக மினுங்கிக்கொண்டு ஒன்று.

மேசைமேல் வரிசையாக வைத்து எண்ணினார். ஏழு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை வலமிருந்து இடமாக எண்ணினார். அப்போதும் ஏழு. எல்லாம் ஒரே அளவு, ஒரே சுற்று.

குன்வோரின் தம்பி ஹோல்கருக்கு ஃபோன் போட்டார். வானிலை, முட்டிவலி என்றெல்லாம் சுற்றிவிட்டு, ஒரு போல்ட்டில் அந்தச் சின்ன ஸ்பிரிங் மொத்தம் எத்தனை இருக்கும் என்று சும்மா தெரிந்துகொள்வதுபோலக் கேட்டார்.

"ஒண்ணுதான். ஏன், குட்டி போட்டுடுச்சா?"

அக்கா துப்பாக்கியை நீ என்ன செய்தாய் என்று ஹோல்கர் அடுத்து ஆரம்பித்ததும், அதுவரை ஐந்து நிமிடம் பேசியிருந்தும், ராங் நம்பர் என்று சொல்லி எஸ்கில் வைத்துவிட்டார்.

மினுங்கியதை எடுத்து ஓட்டையில் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. காலி உறை ஒன்றை வைத்து இழுத்துப் பார்த்தார். உறை சமையலறையைத் தாண்டிப் பறந்து சுவர்க் கடிகாரத்தில் மோதியது. துப்பாக்கி பிழைத்துவிட்டது.

மிச்சம் ஆறு. துப்பாக்கியில் எதுவும் குறையவில்லை, கையில் ஆறு கூடுதல். நாற்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை. வாசலில் கார் நின்றது. ஆறையும் அள்ளிக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குன்வோர் கதவைத் திறக்கும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். பத்தொன்பது வருடமாகச் சீட்டில் விழாத சதுப்புநில ஓர இடம் இந்த வருடம் அவருக்கு விழுந்திருந்தது. சங்கத் தலைவரின் முகம் புளித்துப்போன பால் மாதிரி ஆகிவிட்டதாம்.

பிறகு பனியே இல்லாத செப்டம்பரில் வெளியே வந்திருந்த பனிச்சறுக்குக் கோலைப் பார்த்தார். எஸ்கிலின் கரிபடிந்த முட்டிகளைப் பார்த்தார்.

எஸ்கில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். துப்பாக்கியைத் தொட்டது, பை இல்லாமல் பிரித்தது, ஸ்பிரிங் பறந்தது, சமையலறைத் தரை முழுக்கக் காந்தத்தால் துழாவியது. சொல்லிவிட்டு, இடி விழும் என்று தலை குனிந்து நின்றார்.

இடி விழவில்லை.

குன்வோர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். கோட்டைக் கழற்றி மாட்டினார். அது கொக்கியில் மாட்டாமல் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. அவர் கண்கள் அடுப்புக்கு அடியில் போயின. அங்கிருந்து சோபாவுக்கு. அங்கிருந்து ஃப்ரிட்ஜுக்கு. கடைசியாக விறகுப் பெட்டிக்கு.

"எத்தனை கெடைச்சுது?" என்றார், அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறது என்பதுபோல.

சட்டைப் பைக்குள் இருந்த கை, ஆறையும் சத்தம் வராமல் இறுக்கிக்கொண்டது.

"ஒண்ணுதான்," என்றார் எஸ்கில்.