தூணில் மூன்றாவது பெயர்

தென்காசிப் பெரிய கோபுரத்துக்கு எதிரே, ராணுவ வீரர்கள் நினைவுத்தூணின் படியில் சாய்ந்து உட்கார்ந்து ஒருவன் நேந்திரங்காய்ச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். காலில் செருப்பு வேறு.

காந்திமதிநாதனுக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் குளித்துவிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், தூணைப் பார்க்க வந்திருந்தார்.

“எந்திரிப்பா. இது என்ன இடம் தெரியுமா?”

அவன் எழுந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். “தெரியும் சார்.”

“நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவங்க. நாலே நாலு பேர். ஒருநாளாவது படிச்சிருக்கியா?”

“படிச்சிருக்கேன் சார். மூணாவது பேர்ல எழுத்துப் பிழை இருக்கு. நல்லகண்ணுக்கு நடுவுல ‘க்’ கிடையாது.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சார் அது.”

காந்திமதிநாதன் அரையடி பின்வாங்கினார். அவர் மனைவி உமா மகேஸ்வரி, அவன் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

“வடக்கே ஆத்து வெள்ளத்துல எங்க லாரியே போயிட்டு சார். நான் எங்கனயோ கரை ஒதுங்கி, ஒரு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா நினைப்பில்லாமக் கிடந்தேன். இங்கன அதுக்குள்ள பதினாறாம் நாள் காரியத்தை முடிச்சு, தூணையும் நட்டுட்டாவ. இந்த ரோடு போட ஆறு வருஷம் ஆச்சு.”

“திரும்பி வந்ததும் பேரை எடுக்கச் சொல்ல வேண்டாமா?”

“எடுக்கத்தான் வந்தாவ. நான்தான் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தேன்.”

தாசில்தாருக்குப் பிடி கிடைத்துவிட்டது.

“பார்த்தியா உமா? பேராசை கேள்விப்பட்டிருக்கோம். இது பேர் ஆசை. உயிரோட இருந்துக்கிட்டே தியாகி.”

“நம்ம வீட்டு கேட்ல மட்டும் உங்க பேர் மூணு இடத்துல இருக்கு” என்றாள் உமா.

அதைக் காதில் வாங்காமல் அவர் போனை எடுத்துத் தூணைப் படம் பிடித்தார். “கலெக்டருக்கே அனுப்புறேன். ஒரே வாரத்துல உன் பேர் இருக்காது.”

அதுவரை சிரித்த முகமாக இருந்த நல்லகண்ணு கையெடுத்துக் கும்பிட்டான். “அது மட்டும் செஞ்சிராதீங்க சார்.”

“ஏன், கௌரவம் போயிடுமா?”

அவன் கோயில் வாசலைப் பார்த்தான். காற்றில் பறக்கிற சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது.

“தங்கத்தாய் சித்தி. வெள்ளிக்கிழமைதோறும் வருவாவ. அவங்களுக்காகத்தான் இங்கன உக்காந்திருக்கேன். நாலாவது பேரு மணிமுத்து, அவங்க மவன். என்கூட அதே லாரியில வந்தவன். உடம்புகூடக் கிடைக்கல.”

அவள் வெளியூர்க்காரர்கள் இருவரையும் கவனிக்கவில்லை. நேரே தூணுக்குப் போனாள். தன் மகன் பெயரைத் தொடாமல், மூன்றாவது பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி நல்லகண்ணுவை உச்சி முதல் கால் வரை பார்த்தாள்.

“உன் பேரை எடுக்கப் போறாவன்னு யாரோ சொன்னாவ. சாமி கும்பிடவே மனசு ஓடலலே.”

“எடுக்க மாட்டாவ சித்தி.”

“எடுக்க விட்டுராதலே. செத்துட்டான்னு கல்லுல வெட்டுன நீயே வந்து நிக்க. அடுத்த வரியில இருக்கவன் வர மாட்டானா?”